யப்பானிய உணவகமும் எமது உடல்நலமும்

பிராங்பேர்ட் நகரில் மட்டுமன்றி, ஒவ்வன்பாக், எஷ்போர்ன் போன்ற அயலூர்களிலும் இன்று சுஷி கிடைக்கிறது. பிள்ளைகள் விரும்பிக் கேட்பதால் எமது குடும்பங்களும் போகின்றன. போகலாம். ஆனால் நல்ல உணவகத்தை எப்படித் தெரிவு செய்வது?

"ஐஸ் மீன் கூடாது" என்பது ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த எண்ணம். பச்சையாக உண்ணும் மீனுக்கு அது பொருந்தாது. கடல்மீனில் அனிசாக்கிஸ் என்னும் புழு இருக்கலாம். ஆகவே பச்சையாகப் பரிமாறும் மீனை -20 பாகை செல்சியஸில் குறைந்தது 24 மணிநேரம் உறையவைக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. வளர்ப்பு மீன் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. மீன் எப்படிப்பட்டது என்று தயங்காமல் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கடையே நல்ல கடை. மீன் வெடுக்கு மணத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உறையவைத்தால் புழு சாகும், கிருமிகள் சாகா. எனவே கர்ப்பிணித் தாய்மாரும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் சமைத்த உணவையே எடுக்க வேண்டும்.

சுஷிச் சோற்றில் வினாகிரியுடன் சீனியும் உப்பும் சேர்க்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் ஏறத்தாழ 2.5 கிராம் உப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு விதித்துள்ள 5 கிராம் எல்லையில் இது பாதி. எம்மவரிடையே நீரிழிவு அதிகம். இரத்த அழுத்தமும் பலருக்கு உண்டு. ஆகவே, ஒரே விலைக்கு வேண்டிய மட்டும் சாப்பிடலாம் என்று அழைக்கும் கடையை விட, அளவாகப் பரிமாறும் சிறிய கடையே எமக்கு ஏற்றது என்பது எமது கருத்து. கொடுத்த காசுக்காக வயிற்றை நிரப்ப வேண்டாம்.