இட்லி நம்முடையது, மாவு யாருடையது?



உங்கள் தெருவில் போகும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் கவனித்திருக்கிறீர்களா? வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த வண்டி. மஞ்சள் பலகை என்றால் வாடகை வண்டி. இப்போது பச்சைப் பலகையும் அடிக்கடி கண்ணில் படுகிறது, இல்லையா? அது மின்சாரத்தில் ஓடும் வண்டி. அதற்குப் பச்சை நிறம் என்று மத்திய அரசு 2018-ல் முடிவு செய்தது.

போன மாதம் என் பேத்தி மொட்டை மாடியில் நின்று பச்சைப் பலகைகளை எண்ணினாள். அரை மணி நேரத்தில் பதினேழு! "தாத்தா, இதெல்லாம் எந்த ஊரில் செய்தது?" என்று கேட்டாள். "நம் நாட்டில்தான். அதிலும் பாதிக்கு மேல் நம் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதில் முழுக்கச் சரிதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. வாத்தியாருக்குச் சந்தேகம் வந்தால் சும்மா இருப்பாரா? உங்களைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

முதலில், இந்த வண்டிகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். 2001-ல் பெங்களூரில் 'ரேவா' என்றொரு குட்டி கார் விற்பனைக்கு வந்தது. சேத்தன் மைனி என்ற பொறியாளரின் முயற்சி அது. ஈயமும் அமிலமும் கொண்ட கனமான பேட்டரியில் ஓடியது. அதிகம் பேர் வாங்கவில்லை. பெட்ரோல் பங்க் தெருவுக்குத் தெரு இருக்கும்போது இது எதற்கு என்று நினைத்தார்கள். 2010-ல் அந்த நிறுவனத்தின் பெரும்பங்கை மகேந்திரா வாங்கிக்கொண்டது.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்ற இரண்டு இளைஞர்கள் 2013-ல் 'ஏத்தர்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதல் ஸ்கூட்டரை விற்க அவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 2021-ல் அவர்களுடைய தொழிற்சாலை ஓசூருக்கு வந்தது. ஓசூரில் ஏற்கெனவே இருந்த டி.வி.எஸ். நிறுவனம் 2020-ல் தன் மின் ஸ்கூட்டரை இறக்கியது. மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளி அருகே 500 ஏக்கரில் ஓலா தொழிற்சாலை 2021-ல் எழுந்தது. முழு அளவில் இயங்கும்போது 10,000 பெண்கள் வேலை செய்வார்கள் என்று அப்போது அறிவித்தார்கள். (அறிவிப்பு வேறு, நடப்பு வேறு. செய்தித்தாள் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.) 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் வியட்நாமின் 'வின்ஃபாஸ்ட்' கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது அதன் தொடக்கத் திட்டம்.

இந்தியாவில் தயாராகும் மின்சார இரு சக்கர வாகனங்களில் பத்தில் ஏழு தமிழ்நாட்டில் செய்தவை என்று நம் மாநில அரசு சொல்கிறது. 2024-25 நிதியாண்டில் நாடு முழுவதும் இப்படி 11 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் விற்றன. ரொம்பப் பெரிய எண்ணாகத் தெரிகிறதா? விற்ற இரு சக்கர வாகனங்களில் நூற்றுக்கு ஆறு என்ற அளவுதான் அது. மீதி எல்லாம் பெட்ரோல் வண்டிதான்.

மக்கள் ஏன் இதை வாங்குகிறார்கள்? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி ஒரு ஸ்கூட்டரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓட்டும். யூனிட் 8 ரூபாய் என்று கூடுதலாகவே வைத்துக்கொண்டாலும் செலவு 24 ரூபாய். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அதே தூரத்துக்கு 2 லிட்டர் வேண்டும். அதாவது 200 ரூபாய்! இதோடு மத்திய அரசும் 2015 முதல் மானியம் கொடுத்து வாங்குவோரை ஊக்கப்படுத்தியது.

இவ்வளவு நல்லது என்றால் என் சந்தேகம் எங்கே வந்தது?

எதிர்வீட்டுக்காரரால் வந்தது! அவர் நாலு வருடத்துக்கு முன் விலை மலிவான மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். மூன்றாம் வருடம் பேட்டரி படுத்துவிட்டது. புது பேட்டரி விலையைக் கேட்டவர், வண்டியைத் திண்ணையில் சாய்த்துவிட்டு சைக்கிளை எடுத்துவிட்டார். வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரிக்கே போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்படியானால், பேட்டரியைச் செய்பவர்தானே வண்டியில் பெரும்பகுதியைச் செய்பவர்?

பேட்டரிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? டார்ச் லைட் செல்லைப் போன்ற உருண்டைச் செல்கள், சில வண்டிகளில் இருநூறுக்கும் மேல்! ஒரு லித்தியம் செல் ஏறக்குறைய 3.6 வோல்ட் தரும். 14 செல்களை வரிசையாக இணைத்தால் எத்தனை? பெருக்கிப் பாருங்கள், 50.4 வோல்ட். அப்படிப் பல வரிசைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, சூடு ஏறாமல் கண்காணிக்க ஒரு மின்னணுப் பலகையும் வைத்து மூடினால் பேட்டரிப் பெட்டி தயார். இந்த வேலையை நம் தொழிற்சாலைகள் நன்றாகவே செய்கின்றன.

ஆனால் அந்தச் செல்? அது பெரும்பாலும் கப்பலில் வருகிறது. உலகில் தயாராகும் இத்தகைய பேட்டரிகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சீனாவில் செய்யப்படுகின்றன.

உங்கள் வீட்டு இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் மாவு பாக்கெட் வாங்கி வந்து அம்மா இட்லி ஊற்றினால் அது வீட்டு இட்லிதான், சந்தேகமில்லை. ஆனால் மாவுக் கடை ஒரு நாள் பூட்டியிருந்தால்? நம் மின் வண்டிகள் இப்போது பாக்கெட் மாவில் ஊற்றிய இட்லி! ஊற்றுவது நாம், மாவு அரைப்பது வேறு ஒருவர்.

மாவை நாமே அரைத்தால் என்ன? அரைக்கலாம், ஆனால் சுலபமில்லை. தாமிரத் தாளில் ஒரு பொடியையும் அலுமினியத் தாளில் இன்னொரு பொடியையும் குழைத்து மெல்லியதாகப் பூச வேண்டும். நடுவே ஒரு சவ்வை வைத்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்ட வேண்டும். பூச்சு தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு கூடினாலோ குறைந்தாலோ செல் கெட்டுவிடும். காற்றில் ஈரம் இருக்கவே கூடாது. நம் ஊர் ஐப்பசி மாதத்தில் அப்பளம் நமத்துப் போகிறதே, அந்த ஈரத்தை நினைத்துப் பாருங்கள்! அதனால் ஈரமே இல்லாத தனி அறைகள் கட்ட வேண்டும்.

இந்தச் செல்லுக்கு வழிவகுத்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஜான் குட்இனஃப் என்பவருக்கு அப்போது வயது 97. (எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அன்று மகிழ்ந்தேன்.)

செல் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதை 2022-ல் பார்த்தோம். நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்தன, உயிர்களும் போயின. அதன்பின் அந்த ஆண்டு டிசம்பர் முதல் பேட்டரிச் சோதனை விதிகளை அரசு கடுமையாக்கியது. உங்கள் வீட்டில் மின் வண்டி இருந்தால், எல்லோரும் தூங்கும்போது வாசற்கதவை அடைத்த மாதிரி நிறுத்தி சார்ஜ் போட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

நம் நாட்டிலேயே செல் செய்ய 2021-ல் மத்திய அரசு 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. ஆனால் நினைத்த வேகத்தில் தொழிற்சாலைகள் எழவில்லை. இயந்திரமும் வேண்டும், அனுபவமும் வேண்டும், இரண்டும் அதிகம் இருப்பது சீனாவில். அரிசிக்கும், அதாவது லித்தியத்துக்கும், தட்டுப்பாடு. 2023-ல் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் என்று செய்தி வந்ததே, அது நிலத்தடியில் இருக்கலாம் என்ற முதற்கட்ட மதிப்பீடு. தோண்டி மூட்டை கட்டி வைத்தது அல்ல! 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவில் ஐந்து இடங்களில் லித்தியம் தேட இந்திய அரசு நிறுவனம் ஒன்று ஒப்பந்தம் போட்டது.

இனி மோட்டாருக்கு வருவோம். மோட்டார் செய்வது நமக்குப் புதிதல்ல. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து 1937-லேயே கோவையில் மின் மோட்டார் செய்தவர்கள். ஆனால் ஸ்கூட்டர் மோட்டாருக்குள் கைக்கு அடக்கமான, மிக வலிமையான காந்தம் வேண்டும். அதில் நியோடிமியம் முதலான 'அரிய மண் தனிமங்கள்' சேர்கின்றன. சூட்டைத் தாங்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் என்று இன்னும் இரண்டு. பெயரை நாலு தடவை சொல்லிப் பாருங்கள், வாய் சுளுக்கும்!

2025 ஏப்ரலில் சீனா இத்தகைய ஏழு தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அமெரிக்காவுடன் அதற்கு இருந்த வரிச் சண்டையின் ஒரு பகுதி அது. சண்டை யாருக்கோ, அடி நமக்கும் விழுந்தது. காந்தம் கிடைக்காமல் அந்த ஆண்டின் நடுவில் பஜாஜ் நிறுவனம் சேத்தக் மின் ஸ்கூட்டர் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. மாவுக் கடை நிஜமாகவே பூட்டிக்கொண்டது!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தத் தனிமங்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கின்றன! 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இந்தியாவிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். எங்கிருந்து வந்த மணல் என்று தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். அன்று அதற்கு என்ன உபயோகம்? மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது. கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து வருவார்களே கேஸ் லைட், அதன் 'மேன்டில்' வலை செய்யத் தோரியம் வேண்டும். நம் மணல் கப்பலேறிப் போய், வெளிநாட்டு மேன்டிலாக மாறியது. நூறு வருடத்துக்கு முன்பே இதே கதைதான், பாருங்கள்.

இன்று அங்கே மத்திய அரசு நிறுவனத்தின் மணல் ஆலை இருக்கிறது. "அப்படியானால் நிறைய அள்ளிவிடலாமே, சார்?" என்று நீங்கள் கேட்பீர்கள். தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள். மணல் அள்ளினால் கடல் ஊருக்குள் வரும், நோய் வரும் என்று அந்தக் கரையோர மீனவ மக்கள் எதிர்க்கிறார்கள். நகரத்தில் புகையில்லாத வண்டி ஓட, கடற்கரையில் ஒரு ஊர் பயத்தோடு வாழ வேண்டுமா? அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு கூடை மணலும் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

காந்தத்துக்கு வேறு வழிகளும் தேடுகிறார்கள். ஸ்பீக்கரின் பின்னால் கறுப்பாக ஒரு வளையக் காந்தம் இருக்குமே, அது ஃபெரைட். அரிய மண் தேவையில்லை, வலிமை குறைவு. அதை வைத்து ஸ்கூட்டர் மோட்டார் செய்யும் முயற்சி சில நிறுவனங்களில் நடக்கிறது. அரிய மண் காந்தங்களையே நம் நாட்டில் செய்ய, 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போ, பாதி நம்முடையது என்று சொல்லலாமா தாத்தா?" என்றாள். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட எனக்குத் தயக்கம்தான். ஆனால் என் முதல் பதிலை விட அவள் கேள்வி சரியானது.

இன்னொருவர் கேள்வியும் பாக்கி இருக்கிறது. என் பழைய மாணவன் ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். வாய்ப்பாட்டில் திணறியவன், ஆனால் என்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வான். "சார், மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை, ஆயில் மாற்ற வேண்டாம். எனக்கு மிச்சம் டயரும் பிரேக்கும்தான். பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்கிறார்கள். நான் என்ன செய்ய?" என்றான். அவனுக்குப் பிஸ்டனும் கிளட்ச் தட்டும் செய்து கொடுக்கும் லேத் பட்டறைகளுக்கும் இதே கவலை. செல் தொழிற்சாலையும் காந்தத் தொழிற்சாலையும் இங்கே வந்தால், போகிற வேலைக்குப் பதில் கொஞ்சமாவது வேலை வரும். வராவிட்டால், பழையதும் போய்ப் புதியதும் வேறு நாட்டில் இருக்கும்.

போன வாரம் அவன் கடைப் பக்கம் போனேன். பேட்டரி வண்டிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை தோறும். மேஜையில் புது மல்டிமீட்டரும் ரப்பர் கையுறையும் இருந்தன. "வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், சரிதானே சார்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். கடையின் பெயர்ப்பலகையில் 'எலெக்ட்ரிக் வண்டியும்' என்பது வரை பெயின்டர் எழுதியிருந்தார். மீதியை மழை விட்டதும் எழுதுவாராம்.