பாதாளச் சாக்கடையும் நகர பரிபாலனமும்

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அதன் வீதிகளைக் கொண்டு அளப்பது வழக்கம். பூமிக்கடியில் ஓடும் சாக்கடையைக் கொண்டு அளப்பதே நியாயமென்பது நமது அபிப்பிராயம்.

ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றுசேர்ந்து 2021-ம் வருஷம் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டது. பல்லாவரம் நகராட்சியைச் சேர்ந்திருந்த அஸ்தினாபுரமும் அதில் அடங்கிற்று. ஸ்தாபனம் பெரிதாயிற்று; அதன் பொறுப்பும் பெரிதாக வேண்டுமன்றோ?

கழிவுநீர் குழாயில் தானே ஓடுவதற்குச் சரிவு வேண்டும். சமதரையில் சரிவு கொடுக்கக் கொடுக்கக் குழாயின் ஆழம் அதிகரித்துக்கொண்டே போகும். ஆகவே ஆங்காங்கே கிணறு அமைத்து, அதில் சேரும் நீரைப் பம்புகளால் மேலேற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். பம்பு நின்றால் கிணறு நிரம்பும். வந்த நீர் வந்த வழியே தேங்கி, தாழ்ந்த தெருக்களின் மூடிகளைத் தள்ளிக்கொண்டு பொங்கும். பின்னர் மழைநீர்க் கால்வாயில் புகுந்து ஏரியைக் கெடுக்கும்.

இதைத் தடுக்கத் தினந்தோறும் சல்லடையைச் சுத்தம் செய்ய வேண்டும். மாற்றுப் பம்பும், மின்சாரம் தவறினால் ஓட ஜெனரேட்டரும் ஆயத்தமாயிருக்க வேண்டும். குழாயில் படியும் மணலை யந்திரத்தால் வார வேண்டும். இவ்வேலைகளுக்குத் திறப்பு விழா இல்லை. மாலை மரியாதையும் இல்லை. ஆதலால் பணம் பங்கிடும்போது இவை கடைசிப் பந்தியில் உட்காருகின்றன!

இந்த அலட்சியத்துக்கு முழு விலை கொடுப்பவன் அடைப்பெடுக்க இறக்கப்படும் தொழிலாளியே. குழிக்குள் ஹைட்ரஜன் ஸல்பைடு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நொடிப்பொழுதில் உயிர் போய்விடும். தக்க பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கிற்று. இவ்விதம் மாண்டோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் உத்தரவிட்டது. 2023-ல் அதை 30 லட்சமாக்கிற்று. நஷ்டஈடு உயர்ந்தது, சாவு நின்றபாடில்லை. கண்டிராக்டர் மீது பழிபோட்டுத் தப்பும் வழியை மாநகராட்சி தனக்குத் திறந்துவைத்துக்கொள்ளலாகாது.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. மொட்டைமாடி மழைநீரைக் கழிவுக் குழாயில் விடுவோர் அண்டை வீட்டு வாசலில் சாக்கடையைப் பொங்க வைக்கிறார்கள். ஆனால் கடமையை ஏற்கத் தயங்காதவர் நம் ஜனங்கள். அருகிலுள்ள ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு வீட்டுக்காரர்களே முன்பணம் கட்டி வழிகாட்டவில்லையா?

பணம் கொடுப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமையுமுண்டு. எந்தெந்த நிலையத்தில் எத்தனை மணி நேரம் பம்பு நின்றது, என்ன காரணத்தால் நின்றது என்பதை மாதந்தோறும் வார்டுவாரியாக மாநகராட்சி பிரசுரிக்க வேண்டும். கவுன்சிலர்கள் அதைச் சபையில் கேட்க வேண்டும். அவர்கள் கேளாவிடில், ஜனங்கள் அவர்களைக் கேட்க வேண்டும்.