கையில் என்ன வந்தது?

சிதம்பரத்தில் ரயிலேறிக் கடலூர் துறைமுகம் நிலையத்தில் இறங்கி, பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். லிஸ்ட் பாடத்துக்கு வேறு உதாரணம் தேடுவதில்லை. வந்த தடமே போதும். கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று கரும்பலகையில் எழுதுவேன். பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் வரும் கிள்ளையை வேண்டுமென்றே விட்டுவிடுவேன். சேர்க்கச் சொன்னால் பாதிப் பேர் ‘அப்பெண்ட்’ என்ற மெத்தடைப் போடுவார்கள். அது கடைசியில்தான் சேர்க்கும். பட்டியலில் சிதம்பரத்தைத் தாண்டிய பிறகு கிள்ளை வந்துவிடும். ‘இன்சர்ட்’ போட்டு 4ஆம் இடம் என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை 0-இல் தொடங்குவதால் அப்போதுதான் கிள்ளை தன் இடத்தில் உட்காரும், சிதம்பரம் ஓரிடம் தள்ளிப்போகும்.

சென்ற மாதம் ஒரு மாணவி, திரும்பி வரும் ரயிலுக்காகப் பட்டியலைத் தலைகீழாக்க நினைத்தாள். ‘நிலையங்கள் = நிலையங்கள்.ரிவர்ஸ்()’ என்று எழுதி ஓட்டிப் பார்த்தாள். திரையில் ‘நன்’, அதாவது ‘எதுவுமில்லை’, என்று ஒரே சொல். “மிஸ், ஒரு ஊரையும் காணோம்” என்றாள். ரிவர்ஸ் தன் வேலையைச் செய்துதான் இருந்தது. அது பட்டியலை இருந்த இடத்திலேயே திருப்பும். கையில் எதையும் தராது. அந்த ‘எதுவுமில்லை’யைத்தான் அவள் ‘நிலையங்கள்’ என்ற பெயரில் வைத்துவிட்டாள். ஆறு ஊர்களும் போயின.

அந்த வாரத் தேர்வில் ரிவர்ஸ் பற்றிய 2 மதிப்பெண் வினாவுக்கு அவள் முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். மெத்தடின் பெயரையும் பொருளையும் மட்டும் கேட்டது நான்தான்.

ஒவ்வொரு மெத்தடிடமும் இரண்டு கேள்விகள் கேட்கப் பழக்க வேண்டும். பட்டியலில் என்ன மாறியது? கையில் என்ன வந்தது? ‘பாப்’ கடைசி ஊரை எடுத்து நம்மிடம் தரும். ‘ரிமூவ்’ எடுக்கும், தராது. ‘சார்ட்’ பழைய பட்டியலையே வரிசைப்படுத்தும். ‘சார்ட்டட்’ என்ற ஃபங்ஷன் அதைத் தொடாமல் புதியதொன்றைத் தரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரிவர்ஸோ திருப்பிய பட்டியலைக் கையிலும் தரும்; மாணவியின் அதே வரி அங்கே தப்பித்திருக்கும். மொழி மாறினால் மனப்பாடம் கைவிடும், இந்தக் கேள்விகள் கைவிடாது.

“முதலில் லூப் போட்டுத் தாங்களே எழுதட்டும், மெத்தட் அப்புறம்” என்று சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. நியாயம்தான். முதல் ஊரை நீக்கினால் மற்றவை எல்லாம் ஓரிடம் முன்னே நகர வேண்டும் என்பது லூப் எழுதியவர்களுக்குத்தான் உறைக்கும். ஆனால் மெத்தடைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நிரலை ஓட்டுமுன், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பட்டியல் எப்படி இருக்கும் என்று பென்சிலால் எழுதச் சொன்னால் அந்த நகர்வு கண்ணில் படும்.

என் வகுப்பில் இப்போது பென்சிலுக்குப் பிறகுதான் கீபோர்டு. செய்முறைத் தேர்விலும் பென்சிலால் எழுதியதற்கு மதிப்பெண் கொடுங்கள். சரியான விடை திரையில் வந்ததா என்று மட்டும் பார்த்தால், அது ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்கவே மாட்டார்கள்.