குடல் நோய்க்கு ரெண்டு கையிலும் பி.பி. பார்க்கணுமா? ஆமா, பார்க்கணும்!

வயிற்றுக்கு ஒரு டாக்டர், கை வலிக்கு இன்னொருவர், தலைச்சுற்றலுக்கு மூன்றாவதாக ஒருவர். ஆளுக்கொரு ஃபைல். நம்மில் பலருடைய மருத்துவக் கதை இப்படித்தான் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஆனா, நம்ம மரபணுக்களுக்கு இந்த டிபார்ட்மென்ட் கணக்கெல்லாம் தெரியாது.

எந்த ரெண்டு நோய்கள்?

முதலாவது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உட்புறம் புண்ணாகி, ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு வரும் குடல் அழற்சி நோய். டென்ஷனில் வயிறு கலக்குவது இல்லை இது. நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்குவது.

இரண்டாவது, டகயாசு ஆர்டரைட்டிஸ். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் வீங்கிச் சுருங்கும் ரத்தநாள அழற்சி. பெரும்பாலும் 40 வயதுக்குள் இருக்கும் பெண்களையே பிடிக்கும். கையில் நாடியே கிடைக்காமல் போகலாம். 1908-ல் ஜப்பானிய கண் மருத்துவர் மிகிடோ டகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரை ரத்தநாளங்களில் கண்ட மாற்றத்தைப் பதிவு செய்ததால் இந்தப் பெயர்.

லிங்க் எங்கே?

ஜப்பான் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், 470 டகயாசு நோயாளிகளில் 30 பேருக்கு, அதாவது 6.4 சதவீதம் பேருக்கு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் இருந்தது. பொதுமக்களிடம் அந்தக் குடல் நோய் 1 சதவீதத்துக்கும் மிகக் கீழே. தற்செயல்னு இதைத் தள்ளிவிட முடியாது.

இரண்டு நோய்களுக்கும் பொதுவாகச் சிக்கியவை இரண்டு. ஒன்று, எச்எல்ஏ-பி52 என்ற மரபணு வகை. எது நம்ம உடல், எது அந்நியம் என்று எதிர்ப்பு செல்களுக்கு அடையாளம் காட்டும் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றொன்று, ஐஎல்12பி. அழற்சியைத் தூண்டும் இரண்டு புரதங்களின் பொதுவான பகுதியை உருவாக்கும் மரபணு. அந்தப் பகுதியையே தடுக்கும் உஸ்டெகினுமாப் என்ற ஊசி மருந்து, இன்று குடல் அழற்சி நோய்க்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை.

அப்போ ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. ஜப்பானில் 10 பேரில் ஒருவருக்கும் மேல் இந்த பி52 இருக்கிறது. டகயாசு நோயாளிகளோ அந்த நாடு முழுக்கச் சில ஆயிரம் பேர்தான். மரபணு இருப்பதாலேயே நோய் வந்துவிடாது. எச்சில் சாம்பிளை கூரியர்ல அனுப்பி, ரிப்போர்ட் பார்த்துப் பயந்து தூக்கம் தொலைப்பதுதான் மிச்சம்.

இந்த ஆராய்ச்சியின் உண்மையான பயன், சாதாரண பி.பி. மெஷினில் இருக்கிறது. குடல் அழற்சி உள்ள ஒருவருக்குத் தீராத சோர்வு, வேலை செய்தால் கை வலி, கழுத்து வலி, தலைச்சுற்றல் இருந்தாலோ, குடல் அமைதியான பிறகும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ஏறியே இருந்தாலோ, ரெண்டு கையிலும் பி.பி. பார்க்க வேண்டும். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நோய் உறுதின்னு அர்த்தமில்லை. ஸ்கேன் தேவையா என்று டாக்டர் யோசிக்க வேண்டிய நேரம் அது.

டகயாசு நமக்குத் தூரத்து நோயும் இல்லை. இந்திய நோயாளிகளிடமும் பி52 தொடர்பு பதிவாகியிருக்கிறது. இந்நோயின் தீவிரத்தை அளக்க உலகம் பயன்படுத்தும் 'ஐடாஸ் 2010' அளவுகோலை உருவாக்கியதில் வேலூர் சிஎம்சி மருத்துவர்களுக்கும் பங்குண்டு. அந்த அளவுகோலே பெரும்பாலும் நாடி, ரத்த அழுத்தம் போன்ற, கையால் சோதிக்கும் அறிகுறிகளை நம்பியதுதான்.

தாமதமானால் பக்கவாதம், இதயச் செயலிழப்பு வரை போகக்கூடிய நோய் இது. குடல் மருத்துவரும் மூட்டு-வாத மருத்துவரும் ஒருவர் ஃபைலை ஒருவர் பார்க்கும் வழக்கம் எல்லா மருத்துவமனைகளிலும் வரணும். அதுவரைக்கும், அடுத்த விசிட்டில் "இதுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை"ன்னு நீங்களே முடிவு பண்ணி எதையும் மறைக்காதீங்க. எல்லாத்தையும் சொல்லுங்க; சம்பந்தம் இருக்கா இல்லையான்னு டாக்டர் பார்த்துக்கட்டும்.