பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது

டெலோஸ் தீவில் யாரும் இராத்தங்க முடியாது. பக்கத்து மிக்கோனோஸ் தீவின் பழைய துறைமுகத்தில் காலையில் படகு ஏறினால் அரை மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். கடைசிப் படகைப் பிடித்துத் திரும்பிவிட வேண்டும். விடுதி கிடையாது, ஊர் கிடையாது. காவலர்களும் அகழாய்வு செய்பவர்களும் மட்டும் இருக்கிறார்கள். தீவும் சின்னது: நீளம் ஐந்து கிலோமீட்டர், அகலம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு. பாறை, காய்ந்த புல், இடிந்த சுவர்கள், ஓடி ஒளியும் ஓணான்கள். ஒதுங்க மரநிழல் இல்லை. கோடையில் மெல்தெமி என்கிற வடகாற்று பிடித்துக்கொண்டால் தொப்பி தலையில் நிற்காது. காற்று முற்றினால் படகே ஓடாது.

இருந்தாலும், கிரேக்கத் தீவுகளில் ஒன்றே ஒன்றைப் பார்க்க நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கட்டும் என்று கேட்பவர்களுக்கு நான் டெலோஸைத்தான் சொல்கிறேன். சந்தோரினியின் வெள்ளை வீடுகளைப் படத்தில் பார்த்தால்கூடப் பாதி கிடைத்துவிடும். இது நடந்து பார்க்க வேண்டிய இடம். புனிதம் என்ற ஒன்றை வைத்துக்கொண்டு வலியவர்கள் எளியவர்களை என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு இவ்வளவு முழுமையான சாட்சி வேறெங்கும் ஒரே இடத்தில் கிடந்து நான் பார்த்ததில்லை.

கதை ஒரு பிரசவத்தில் தொடங்குகிறது. கடவுளரின் தலைவன் சீயஸால் கருவுற்ற லீட்டோவுக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள இடமில்லை. சீயஸின் மனைவி ஹீராவின் கோபத்துக்குப் பயந்து எந்த நாடும் அவளை ஏற்கவில்லை. கடலில் மிதந்து அலைந்துகொண்டிருந்த இந்தப் பாறைத் தீவு மட்டும் ஏற்றுக்கொண்டது. ஒரு பனைமரத்தைப் பற்றிக்கொண்டு அவள் அப்பல்லோவைப் பெற்றாள். அவனுடைய இரட்டைச் சகோதரி ஆர்ட்டெமிஸும் இங்கேயே பிறந்தாள் என்பார்கள். ஒன்றுக்கும் உதவாத பாறை அன்றோடு கிரேக்க உலகத்தின் பெரிய க்ஷேத்திரம் ஆனது.

பிறகு வந்தது சட்டம். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸின் ஆட்சியாளன் பெய்சிஸ்ட்ராடஸ், அப்பல்லோ கோயிலிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம்வரை இருந்த கல்லறைகளைத் தோண்டி அப்புறப்படுத்தினான். கி.மு. 426இல் ஏதென்ஸ் வேலையை முடித்தது. தீவில் இருந்த அத்தனை பிணங்களையும் எடுத்துக் கடலுக்கு அப்பால் மேற்கே இருக்கும் ரேனியா தீவுக்குக் கொண்டுபோனார்கள். இனிமேல் டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. மாதம் நிறைந்த பெண்ணையும் உயிர் ஊசலாடும் கிழவனையும் படகில் ஏற்றி ரேனியாவுக்கு அனுப்ப வேண்டும்.

தீட்டு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு இரண்டும் நம் வீட்டு வாசலில் இருப்பவைதான். ஆனால் நம் வீடுகளில் அது சில நாள் கணக்கு. இங்கே ஒரு தீவு முழுக்க, வருஷம் முழுக்க. இடுப்புவலி கண்ட பெண்ணை அந்தக் காற்றில், அந்த அலையில், துடுப்புப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு தாய்க்குப் பிள்ளை பெற இடம் கொடுத்த ஒரே காரணத்தால் பேர் பெற்ற மண், அதற்குப் பிறகு எந்தத் தாய்க்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டது. டெலோஸைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு சுவையான தகவலாகச் சொல்லிவிட்டுச் சிங்கச் சிலைகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடந்துபோக மனம் வரவில்லை.

தோண்டி எடுத்தவற்றை ரேனியாவில் ஒரு பெரிய குழியில் ஒன்றாகப் போட்டு மூடினார்கள். 1898இல் அந்தக் குழி கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த பானைகளும் சாடிகளும் மிக்கோனோஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வரிவரியாகக் கோலம் போட்டது போன்ற ஓவியங்களோடு, செத்தவர்களுக்காக யாரோ பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த பொருள்கள். எந்தப் பானை எந்தப் பிணத்தோடு இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கல்லறைகளில் பாதிக்கு மேல் காரியர் என்ற இனத்தாருடையவை, கூடப் புதைத்திருந்த ஆயுதங்களையும் அடக்க முறையையும் வைத்து அடையாளம் தெரிந்தது என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். தீவின் பழைய குடிகள் யார் என்பதற்கான ஆதாரத்தை, அதை அழித்த வேலையே வெளியே கொண்டுவந்திருக்கிறது.

செத்தவர்களோடு நிற்கவில்லை. நான்கு வருஷம் கழித்து, கி.மு. 422இல், உயிரோடு இருக்கும் டெலோஸ்காரர்களே தூய்மையற்றவர்கள் என்று சொல்லி அத்தனை பேரையும் ஏதென்ஸ் வெளியேற்றியது. அவர்கள் ஆசியக் கரையில் அத்ரமித்தியோன் என்ற ஊரில் ஒண்டினார்கள். மறு வருஷம் டெல்ஃபி கோயிலின் குறி சொல்லித்தான் ஏதென்ஸ் மனம் மாறி அவர்களைத் திரும்ப அழைத்தது. போன இடத்தில் சிலர் பாரசீக அதிகாரி ஒருவனின் வஞ்சகத்தில் கொலையுண்டார்கள்.

ஏதென்ஸுக்கு இந்தத் தீவின் மேல் இவ்வளவு அக்கறை எதற்கு? கி.மு. 478இல் பாரசீகத்துக்கு எதிராகச் சேர்ந்த கிரேக்க நகரங்களின் பொதுக் கஜானா அப்பல்லோவின் காவலில் இந்தத் தீவில்தான் இருந்தது. கி.மு. 454இல் ஏதென்ஸ் அதைத் தன் ஊருக்கு எடுத்துக்கொண்டது. பணம் போனதும் பெரிய கோயில் வேலை பாதியில் நின்றது. அதை முடிக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அப்பல்லோவுக்கு மூன்று கோயில்கள் அருகருகே இருந்தன. இன்று நாம் பார்ப்பது மூன்று அடித்தளங்களை. சாமியின் பணத்தை எடுத்துக்கொண்டவர்கள்தான் சாமியின் ஊர்க்காரர்களைத் தீட்டு என்று துரத்தினார்கள் என்பதை அந்த அடித்தளங்களின் முன்னால் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதே மாதிரி ஒரு தூய்மை விதி ஒரு பெரிய மனிதருக்குக் கொஞ்சம் ஆயுளையும் கொடுத்தது. கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தபோது, ஏதென்ஸின் புனிதக் கப்பல் டெலோஸுக்குக் கிளம்பத் தயாராகியிருந்தது. அது போய்த் திரும்பும்வரை ஊரில் யாரையும் கொல்லக் கூடாது. கப்பல் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆயிற்று. சிறையில் அவர் நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த நாள்கள் எல்லாம் அந்தக் கப்பல் தந்தவை.

கி.மு. 166இல் ரோம் தலையிட்டது. ரோட்ஸ் தீவின் வியாபாரத்தை முறிப்பதற்காக டெலோஸைச் சுங்கமில்லாத துறைமுகமாக்கி ஏதென்ஸிடம் கொடுத்தது. டெலோஸ்காரர்கள் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள், இந்த முறை கிரேக்கத்தின் அக்காயா பகுதிக்கு. கி.மு. 146இல் ரோமானியர்கள் கொரிந்தை அழித்த பிறகு அங்கே நடந்த வணிகமும் இங்கே வந்து சேர்ந்தது. இத்தாலியர், சிரியர், எகிப்தியர், பினீசியர், யூதர், சமாரியர் எல்லோரும் வந்தார்கள். இன்று நாம் பார்க்கும் இடிபாடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு நூறாண்டு காசில் கட்டியது.

அந்த வீடுகள் அழகானவை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நாடக அரங்கை ஒட்டிய தெருக்களில் ஏறும்போது இருபுறமும் சுவர் நெஞ்சுயரத்துக்கு மேல் நிற்கிறது. கிளியோபாட்ரா என்ற ஏதென்ஸ் பெண் (எகிப்திய அரசி அல்ல) தன் கணவர் டயோஸ்குரிடீஸுக்கு கி.மு. 138 வாக்கில் வைத்த சிலையும் பக்கத்தில் அவளுடைய சிலையும் தலையில்லாமல் கிடைத்தன. டால்பின் வீட்டின் முற்றத்து மொசைக்கைச் செய்தவன் தன் பேரைக் கல்லிலேயே பதித்திருக்கிறான்: அரடோஸ் ஊர் அஸ்கிலெபியாடீஸ். சிரியக் கரையோரத் தீவுக்காரன். அந்த வீட்டு நடையில் தானித் என்ற பினீசியத் தெய்வத்தின் குறி இருக்கிறது: ஒரு முக்கோணம், மேலே குறுக்குக் கோடு, அதன் மேல் வட்டம். வாசலில் சொந்த ஊர்ச் சாமி; உள்ளே கிரேக்கர் மெச்சும் டால்பின்கள். பிழைக்கப் போன இடத்தில் வீடு கட்டியவன் மனசு அந்தத் தரையில் அப்படியே இருக்கிறது. டயோனிசஸ் வீட்டில் புலி மேல் வரும் உருவத்தின் கற்கள் அரிசி மணியை விடச் சிறியவை.

தண்ணீரை அவர்கள் சேர்த்து வைத்த விதத்தை யாரும் விட்டுவிடக் கூடாது. சுமார் 5,500 பேர் உட்காரும் அரங்கின் படிக்கட்டுகளில் விழுகிற மழைத்தண்ணீர் முழுவதும் வழிந்து கீழே ஒரு பெரிய தொட்டிக்குப் போகிறது. தொட்டியின் குறுக்கே கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் மேல் ஒரு காலத்தில் கூரை இருந்தது. எட்டிப் பார்த்தால் பச்சைத் தண்ணீரும் தவளைச் சத்தமும். வீடுகளிலும் மொசைக் முற்றத்துக்கு அடியில் தொட்டிதான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஒரு சொட்டையும் விடக் கூடாது என்று கணக்குப் போட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

இந்தச் செல்வத்தில் பெரும்பங்கு மனித விற்பனையில் வந்தது. ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, அனுப்ப டெலோஸால் முடியும் என்று பழங்காலப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அந்த எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். வியாபாரம் நடந்ததில் சந்தேகமில்லை. பிறப்பு தீட்டு, சாவு தீட்டு. மனிதனைக் கட்டி நிறுத்தி விலை பேசுவது மட்டும் அப்பல்லோவின் மண்ணுக்குத் தீட்டாகப் படவில்லை. அந்த மனிதர்களை எங்கே நிறுத்தினார்கள் என்பதைக் காட்டும் பலகை ஒன்றும் இல்லை. தீவின் மிகப் பெரிய சதுக்கமான இத்தாலியர் அகோராதான் சந்தை என்று சில ஆய்வாளர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் மறுத்தார்கள், வழக்கு தீரவில்லை.

ஆனால் தடயமே இல்லை என்பதும் சரியல்ல. படகிலிருந்து இறங்கியதும் முதலில் கால் வைக்கும் சதுக்கம் கொம்பெத்தலியஸ்துகளுடையது. இத்தாலிய வணிகக் குடும்பங்களின் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் சேர்ந்து வைத்திருந்த வழிபாட்டுச் சங்கம் அது. முச்சந்திக் காவல் தெய்வங்களுக்கு அவர்கள் காணிக்கை வைத்தார்கள். தங்கள் பேர்களைக் கல்லில் வெட்டினார்கள். வட்டமான பளிங்குச் சின்னம் ஒன்று இன்னும் நடுவில் நிற்கிறது. எல்லோரும் அதைத் தாண்டிச் சிங்கங்களைத் தேடி விரைகிறார்கள். டெலோஸில் அடிமைகள் தங்கள் பேரோடு நமக்குக் கிடைக்கும் இடங்களில் அது ஒன்று என்பதற்காகவே அங்கே நின்றுவிட்டுப் போக வேண்டும்.

கி.மு. 88இல் ரோமின் எதிரி மித்ரிடேட்ஸின் படை தீவைச் சூறையாடியது. டெலோஸிலும் சுற்றுவட்டாரத்திலுமாக 20,000 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் இத்தாலியர் என்கிறார் வரலாற்றாசிரியர் அப்பியன். கி.மு. 69இல் கடற்கொள்ளையர் வந்தார்கள். வணிகம் வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டது. பிற்காலத்தில் ஆள் அரவமற்ற தீவை அக்கம்பக்கத்தார் கற்சுரங்கமாகப் பயன்படுத்தினார்கள். 1870களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டத் தொடங்கினார்கள். யுனெஸ்கோ பட்டியலில் 1990இல் சேர்ந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதல் படகிலேயே போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். வெயில் ஏறுமுன் கிந்தோஸ் குன்றில் ஏறிவிடுங்கள். சுமார் 110 மீட்டர்தான். வழியில் ஐசிஸ் கோயிலின் முகப்பைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், உள்ளே தலையில்லாத தேவி நிற்கிறாள். உச்சியிலிருந்து மேற்கே திரும்பினால் ரேனியா கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது. சிங்கங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்: வெளியே நிற்பவை நகல்கள், கி.மு. ஏழாம் நூற்றாண்டில் நாக்சோஸ்காரர்கள் வைத்த அசல் சிங்கங்கள் அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. சிங்கங்களுக்கு எதிரே இருந்த புனிதக் குளத்தை மலேரியாவுக்குப் பயந்து 1925 வாக்கில் வற்றவைத்தார்கள். லீட்டோவின் நினைவாக நட்ட ஒற்றைப் பனை அதன் நடுவில் நிற்கிறது. ரேனியாக் குழியின் பானைகளைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள். மிக்கோனோஸ் அருங்காட்சியகம் எந்தெந்த நாளில் திறந்திருக்கிறது என்று மட்டும் முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.