கைதட்டியோரின் கடன்

குழந்தையைக் காப்பது பெற்றோரின் கடன் மட்டுமன்று. அதன் உழைப்பால் எவரெவர் பயன் கொள்கின்றனரோ அவர் அனைவருக்கும் அக்கடனில் பங்கு உண்டு. வயலில் உழைக்கும் சிறுவனுக்கும் பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கும் சிறுமிக்கும் இந்நெறி பொருந்தும் என்பதை இன்று மறுப்பார் இலர். ஆயினும் ஆடியும் பாடியும் நடித்தும் நம்மை மகிழ்விக்கும் குழந்தையைக் காணும்போது மட்டும், அது செய்வதும் உழைப்பே என்பதை மறந்துவிடுகிறோம். நமக்கு இன்பமாய் இருப்பது அதற்கும் விளையாட்டாகவே இருக்கும் என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம்.

கே. பி. சுந்தராம்பாளின் வாழ்க்கை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. 1908 ஆம் ஆண்டு காவிரிக்கரைக் கொடுமுடியில் வறிய குடும்பத்தில் பிறந்து, தொடர்வண்டியில் பாடிப் பிழைத்த அச்சிறுமி, அக்குரலாலேயே நாடகக் குழுவினரின் கண்ணில் பட்டுச் சிறுவர் வேடமேற்று மேடையேறினார். பின்னர் கடல் கடந்து இலங்கைக்கு வந்து கொழும்பு மேடைகளில் புகழ் பெற்றார், பின்னர் தம் கணவரான நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்ததும் இங்கேதான். 1933 இல் கிட்டப்பா மறைந்தபோது 25 வயதே நிரம்பியிருந்த அவர், இனி ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, அவ்வுறுதி வழுவாமலே 1935 இல் நந்தனாராகவும் 1953 இல் ஔவையாராகவும் திரையில் நின்றார். நந்தனாராக நடிக்க அவர் பெற்ற ஊதியம் 1 இலட்சம் ரூபாய். அக்காலத்தில் வேறெவரும் எண்ணிப்பாராத தொகை. சென்னை மாநிலச் சட்ட மேலவையிலும் அவர் உறுப்பினராய் வீற்றிருந்தார்.

வறுமையல்லவா அவரைப் பாட வைத்தது, மேடையல்லவா அவரை உயர்த்தியது என்று கேட்போர் உளர். அவர் உயர்ந்தது மேடையின் அருளால் அன்று, அவர்தம் ஆற்றலாலும் மன உறுதியாலுமே என்பது நம் விடை. ஒருவர் கரையேறினார் என்பதற்காக வெள்ளத்தைப் பாதையென்று காட்டுதல் அறமாகாது. அக்கால நாடகக் குழுக்களில் அவரைப் போன்றே சேர்ந்து, குரல் உடைந்ததாலோ உருவம் வளர்ந்ததாலோ வேடம் இழந்து, கல்வியும் கைப்பொருளும் இன்றி ஊர் திரும்பிய சிறார் எத்துணையர் என்பதை எந்த வரலாறும் எழுதி வைக்கவில்லை.

1969 இல் வெளிவந்த 'துணைவன்' படத்தில் சுந்தராம்பாளும் நடித்தார். முருகனாகத் தோன்றிய சிறுமி ஸ்ரீதேவியும் நடித்தார். 1963 இல் பிறந்த அச்சிறுமி 13 வயதிலேயே 'மூன்று முடிச்சு' படத்தின் கதைத்தலைவியானார். நாடகக் கொட்டகை படப்பிடிப்புத் தளமாக மாறியிருந்தது, ஊதியமும் பெருகியிருந்தது. ஆயினும் சிறுமியை எத்தனை மணி நேரம் நடிக்க வைக்கலாம், அவளது பள்ளிக்கு யார் பொறுப்பு, அவள் ஈட்டிய பொருள் யாருக்குரியது என்னும் வினாக்கள் அப்போதும் பெற்றோர், படமுதலாளி ஆகியோரின் நல்லெண்ணத்திற்கே விடப்பட்டிருந்தன.

நல்லெண்ணம் போதாது என்பதை உலகம் பட்டறிந்தே கற்றது. சிறுவயதில் சார்லி சாப்ளினோடு நடித்துப் பெரும்பொருள் ஈட்டிய ஜாக்கி கூகன், வளர்ந்தபின் அப்பொருள் கரைந்திருப்பதைக் கண்டு தாய்மீதே வழக்காட நேர்ந்தது. அதன் விளைவாக 1939 இல் கலிபோர்னியாவில் சட்டம் பிறந்தது. கலை நிகழ்ச்சியில் சிறார் பங்கேற்கத் தனித்தனி அனுமதியும் நேர வரம்பும் வேண்டும் என்று 1973 ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழில் உடன்படிக்கை வகுத்தது. இந்தியா 2017 இல் இயற்றிய விதிகள், குழந்தைக் கலைஞரின் வேலையை நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்குள் அடக்கி, வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டை அக்குழந்தையின் பெயரில் வங்கியில் இடுமாறு பணிக்கின்றன.

இவற்றை வட்டவளையிலும் அட்டனிலும் நுவரெலியாவிலும் இருந்து படிக்கும் நமக்கு இவை அயலார் செய்திகள் அல்ல. தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளின் வறுமை பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிய கொடுமையைக் கண்டவர்கள் நாம். 2021 இல் இலங்கை வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயதை 16 ஆக உயர்த்தியபோது அதை மனமார வரவேற்றோம். அதே லயத்திலிருந்து நற்குரல் வாய்த்த பிள்ளை ஒன்று தொலைக்காட்சிக்கோ கைப்பேசித் திரைக்கோ போய்ச் சேரும்போது, குடும்பத்தின் கடனையும் தோட்டத்தின் பெருமையையும் அதன் தோளில் ஏற்றிவிட்டுக் கைதட்டுவோமாயின், முன்னைய பிழையை அழகிய உடையில் மீண்டும் செய்தவராவோம்.

கலையைத் தடுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. வாய்ப்பு அரிதான மலையகத்தில் ஒரு பிள்ளையின் திறமைக்குக் கிடைக்கும் மேடை போற்றத்தக்கதே. அம்மேடைக்கு அழைப்போர் நேர வரம்பை எழுத்தில் தர வேண்டும். வருவாயில் உரிய பங்கு பிள்ளையின் பெயரிலேயே சேர வேண்டும். பள்ளி நாள்கள் பறிபோகாதவாறு அதிபரும் ஆசிரியரும் காக்க வேண்டும். இவற்றை மீறுவோரைக் கண்டிக்கும் விதிகளை அரசு தெளிவாக வகுத்து நடைமுறைப்படுத்த வேண்டும். அனைத்திற்கும் மேலாக, போட்டியில் தோற்ற பிள்ளையையும் வளர்ந்து வேடம் இழந்த பிள்ளையையும் வென்ற பிள்ளைக்கு நிகராக மதிக்க இச்சமூகம் பழக வேண்டும். சுந்தராம்பாளைப் போற்றுவது எளிது. அவர் தொடங்கிய நிலையில் இனியொரு பிள்ளை தொடங்காதவாறு காப்பதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும்.