மோட்டார் சைக்கிளுக்குக் கமரா: யாருக்கு, எதற்கு, எப்படி?

இடம்பெயர்ந்து வாழும் கமக்காரக் குடும்பத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளல்ல. குடியிருப்பது ஓரிடம், வயல் இருப்பது வேறோரிடம் என்றாகிவிட்ட நிலையில், உரமூட்டையும் மரக்கறிக் கூடையும் பிள்ளையின் பள்ளிப் பையும் அதன் மேல்தான் போகின்றன. அந்த வண்டி ஒருநாள் வீதியில் விழுந்தால், அதோடு அந்தக் குடும்பத்தின் ஒரு போகமும் விழுந்துவிடுகிறது. கார்களிலும் லொறிகளிலும் காணப்படும் வீதிக் கமராவை மோட்டார் சைக்கிளிலும் பூட்டலாமா என்று எமது இளைஞர்கள் இப்போது கேட்கிறார்கள். பூட்டலாம் என்பதே எமது கருத்து. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு.

இலங்கையில் பெரும்பாலான ஆண்டுகளில் 2,000க்கு மேற்பட்டோர் வீதி விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றோர் பெருந்தொகையினர். விபத்து நடந்த இடத்தில் பஸ்ஸின் பக்கம் பேசச் சாரதியும் நடத்துநரும் பயணிகளும் இருப்பார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தவரோ நினைவிழந்து ஆஸ்பத்திரியில் கிடப்பார். சொந்த ஊராயின் தெரிந்த முகம் ஒன்றாவது சாட்சி சொல்ல வரும். வந்து குடியேறிய ஊரில் யார் வருவார்கள்? வாக்குமூலம் தமக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

காப்புறுதி இருக்கிறதே என்று நாம் ஆறுதலடைய முடியாது. சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாந்தரப்புக் காப்புறுதி, எமது வண்டியால் பிறருக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்குமே உரியது. எமது முறிந்த காலுக்கு நட்டஈடு பெற வேண்டுமாயின், பிழை மற்ற வண்டிக்காரருடையது என்று நிறுவ வேண்டும். காலபோக விதைப்பு நேரத்தில் கால் முறிந்தவருக்கு இது வயிற்றுப் பிரச்சினை. ஆகவே, பேச ஆளில்லாதவனுக்குச் சாட்சியாக நிற்பதே கமராவின் முதற் பயன்.

எனினும் கமரா விபத்தைத் தடுப்பதில்லை. தேய்ந்த டயரும் பிடிக்காத பிரேக்கும் மங்கிய விளக்கும் உள்ள வண்டிக்குக் கமரா பூட்டுவது, கூரை ஒழுகும் வீட்டுக்கு வாசலில் வர்ணம் பூசுவது போன்றது. முதலில் பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து நல்ல தலைக்கவசம். அடுத்து டயர், பிரேக், விளக்கு. அதன் பின்னரே கமரா. நகையை அடகு வைத்தோ வட்டிக்கு எடுத்தோ இதை வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம்.

வாங்கக் கூடியவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? காருக்குரிய மலிவான கமரா மோட்டார் சைக்கிளுக்கு உதவாது. மழையும் புழுதியும் அதிர்வும் சில மாதங்களில் அதைக் கொன்றுவிடும். முன்னும் பின்னும் ஒவ்வொரு சிறிய வில்லையும், இருக்கைக்குக் கீழே வைக்கும் ஒரு பதிவுப் பெட்டியும் கொண்ட வகையே ஏற்றது. வெளியே இருக்கும் பாகங்களுக்கு "ஐ.பி. 67" என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். தூசி உட்புகாது, ஒரு மீற்றர் நீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். பதிவுப் பெட்டிக்குள் லித்தியம் பற்றரி இருந்தால் எமது வெயிலில் அது ஊதிக் கெடக்கூடும். அதற்குப் பதிலாகக் கெப்பாசிற்றர் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மெமரி காட் இடைவிடாத பதிவைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். 64 ஜிகாபைட் காட்டில், இரு பக்கமும் தெளிவாகப் பதிந்தால், ஏறத்தாழ நான்கைந்து மணி நேரம் அடங்கும். அதன் பின் பழையது அழிந்து புதியது பதியும்.

பூட்டும்போதுதான் பலரும் தவறுகிறார்கள். எமது கிராமங்களில் ஓடும் சிறிய வண்டிகள் பலவற்றின் பற்றரி 12 வோல்ட், 3 முதல் 5 அம்பியர் மணி அளவானது. கமரா ஏறத்தாழ அரை அம்பியர் இழுக்கும். நேரடியாகப் பற்றரியில் கொழுவி இரவு முழுதும் ஓடவிட்டால், விடியும்போது சிறிய பற்றரி வெறுமையாகிவிடும். ஆகையால் சாவி திறக்கும்போது மட்டும் மின் வரும் வயரிலிருந்தே இணைப்பை எடுக்க வேண்டும். இணைப்பு எடுக்கும் இடத்துக்கு அருகிலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போடுங்கள். பியூஸ் இல்லாத வயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டால் வண்டியே எரியலாம்.

வயரைச் சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் அண்மையாகக் கொண்டு செல்லாதீர்கள். ஹான்டிலை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்து, எந்த வயரும் இழுபடவில்லை என்று கண்ட பின்னரே இறுக்கிக் கட்டுங்கள். முன் வில்லையை இயலுமானவரை ஹான்டிலோடு திரும்பாத இடத்தில் பொருத்துங்கள். பின் வில்லை இலக்கத் தகட்டையோ விளக்கையோ மறைக்கக் கூடாது. சில்லின் சேறு படாத உயரத்தில் இருக்க வேண்டும்.

இன்னுமொன்று. அதிர்வு ஏற்பட்டால் அந்தப் பதிவை அழியாமல் பூட்டிவைக்கும் ஏற்பாடு இக் கமராக்களில் உண்டு. எமது கிறவல் வீதிகளில் ஒவ்வொரு பள்ளமும் அதற்கு விபத்தாகவே தோன்றும். காட் விரைவில் நிரம்பிவிடும். எனவே அதன் உணர்திறனை மிகக் குறைவாக வையுங்கள். திகதியும் நேரமும் சரியா என்று மாதமொரு முறை பாருங்கள். நேரம் பிழையான பதிவை மற்றத் தரப்பார் எளிதில் மறுதலிப்பர்.

விபத்து நேர்ந்தால் முதலில் காயப்பட்டவரைக் கவனியுங்கள். பின் கமராவை நிறுத்தி, காட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். பொலிஸ் முறைப்பாட்டில் பதிவு உள்ளதென எழுதுவியுங்கள். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, நிகழ்வின்போதே எடுக்கப்பட்ட பதிவை நீதிமன்றம் சான்றாக ஏற்கலாம். ஆனால் அது மாற்றப்படாததாக இருக்க வேண்டும். வழக்கு நாளுக்குக் குறைந்தது 45 நாட்கள் முன்னதாக எதிர்த்தரப்புக்கு அறிவித்தலும் கொடுக்க வேண்டும். ஆகவே வெட்டி ஒட்டாதீர்கள். மூலத்தை எவரிடமும் கொடுத்துவிடாமல் பிரதியை மட்டும் கொடுங்கள். சட்டத்தரணியிடம் காலந்தாழ்த்தாமல் சொல்லுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பிறருடைய துயரத்தைப் படமாக்கி ஊருக்கெல்லாம் அனுப்புவதற்கு இது கருவியாகக் கூடாது. படமெடுக்கத் தடையென்று பலகை உள்ள இடங்களில், சிறப்பாக முகாம்களை அண்டி, அதை அணைத்துவிடுங்கள். வீண் சந்தேகம் எமது மக்களுக்கு வேண்டாம். கமரா எமக்காக மட்டும் பேசுவதுமில்லை. அதிவேகமாகப் போனவனையும் மதுபோதையில் ஓட்டியவனையும் அதே கண் காட்டிக்கொடுக்கும். பின் விளக்கில்லாமல் இரவில் வீதிக்கு வரும் உழவு இயந்திரமும் அதில் பதியும். நேர்மையாக ஓட்டுபவருக்கே அது நல்ல சாட்சி.

கிராமத்துக்கு ஓர் இளைஞராவது மின்னிணைப்பைச் சரியாகப் பூட்டக் கற்றுக்கொண்டால் பலருடைய பணமும் வண்டியும் தப்பும். கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் இதை ஒருநாட் பயிற்சியாக நடத்தலாம். அப் பயிற்சியின் முதற் பாடம் பிரேக்கும் விளக்குமாக இருக்கட்டும். கமரா இரண்டாம் பாடமாக வரட்டும்.